கண்ணாடிக்குள் பிறந்த நிறம்

திருநெல்வேலி நெல்லையப்பர் கோயில் மணிமண்டபத்தில் ஒரே கல்லில் செதுக்கிய இசைத் தூண்கள் நிற்கின்றன. தட்டினால் ஒவ்வொரு தூணும் வேறு சுரம் எழுப்பும். கல் ஒன்றுதான், தூணின் பருமனும் நீளமும் வேறு, அதனால் சுரமும் வேறு. அளவுக்கு ஏற்ப ஒலி மாறும் என்பது திருவிழாக் கடையில் புல்லாங்குழல் வாங்கிய சிறுபிள்ளைக்கும் தெரியும். நிறத்துக்கு அப்படி ஒரு விதி இருக்கும் என்று நாம் நினைப்பதில்லை. மஞ்சள் கிழங்கை உடைத்தாலும் இடித்தாலும் சலித்தாலும் அது மஞ்சளாகவே இருக்கிறது. நிறம் பொருளின் பிறவிக்குணம், அளவு அதைத் தொடாது என்பதே நம் கண் கற்றுத்தந்த பாடம். அந்தப் பாடம் ஓர் எல்லைவரைதான் செல்லும். காட்மியம் செலினைடு என்ற குறைக்கடத்தியை ஏறத்தாழ 6 நானோமீட்டர் குறுக்களவுள்ள படிகமாக்கி அதன்மேல் புற ஊதா ஒளியைப் பாய்ச்சினால் சிவப்பாக ஒளிரும். 3 நானோமீட்டர் ஆக்கினால் பச்சை. 2 ஆக்கினால் நீலம். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டால் அதில் ஒரு கூறுதான் நானோமீட்டர். காட்மியமும் செலினியமும் மாறவில்லை, அவை சேர்ந்திருக்கும் முறையும் மாறவில்லை. அளவு மட்டுமே மாறியது. இத்தகைய படிகத் துகள்களைக் குவாண்டம் புள்ளிகள் என்கிறார்கள்.

காரணம் எலக்ட்ரானின் அலைத்தன்மையில் இருக்கிறது. குறைக்கடத்தியின்மேல் ஒளி விழும்போது ஓர் எலக்ட்ரான் தன் இடத்தை விட்டு மேல்நிலைக்குத் தாவுகிறது. திரும்ப இறங்கும்போது, இரண்டு நிலைகளுக்கும் இடையே உள்ள ஆற்றலை ஒளியாக விட்டுவிடுகிறது. பெரிய படிகத்தில் அந்த இடைவெளியைப் பொருளே தீர்மானிக்கிறது. எலக்ட்ரானின் அலை பரவுவதற்கு வேண்டிய இடமும் இல்லாத அளவுக்குப் படிகம் சுருங்கிவிட்டால் அலை நெருக்கப்படுகிறது, நெருக்கப்பட்ட அலைக்கு ஆற்றல் கூடும், இடைவெளி விரியும், வெளிவரும் ஒளி சிவப்பிலிருந்து நீலத்தை நோக்கி நகரும். இசைத் தூணில் அதிர்வது கல், இங்கே எலக்ட்ரானின் அலை. ஆகவே அந்த ஒப்புமையை இதற்குமேல் இழுக்கக்கூடாது. ஆனால் அடைபட்ட அலையின் குரலை அடைத்த இடத்தின் அளவு தீர்மானிக்கிறது என்ற அளவில் இரண்டும் ஒரே இயற்பியல்தான். நீல எல்.இ.டி.யின் ஒளியை இந்தப் புள்ளிகளால் வேண்டிய நிறமாக மாற்றிக்கொள்ளலாம் என்று பல ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. தொலைக்காட்சித் திரையில் அவை வந்துவிட்டன. நம் தலைக்குமேல் எரியும் பல்புக்குள் மட்டும் இன்னும் பரவலாக வந்துசேரவில்லை. புள்ளியின் நிறத்தைக் கூர்மையாக்குவதில் காட்டிய அக்கறையை அது குடியிருக்கும் வீட்டின்மேல் காட்டாததே இந்தத் தாமதத்துக்கு முக்கியக் காரணம் என்று நான் கருதுகிறேன். விளக்கைப் பொறுத்தவரை அந்த வீடு கண்ணாடியாக இருக்கவேண்டும்.

இதில் ஒரு வரலாற்று நியாயமும் இருக்கிறது: குவாண்டம் புள்ளி முதலில் அடையாளம் காணப்பட்டதே கண்ணாடிக்குள்தான். சோவியத் நாட்டில், லெனின்கிராடு வாவிலோவ் ஒளியியல் நிறுவனத்தில் வேலை பார்த்த அலெக்ஸி எகிமோவை வண்ணக் கண்ணாடியின் ஒரு புதிர் பிடித்துக்கொண்டது. காட்மியம் செலினைடும் காட்மியம் சல்பைடும் கலந்த கண்ணாடி, எவ்வளவு சூடாக்கி எப்படி ஆறவிட்டோம் என்பதைப் பொறுத்து மஞ்சளாகவும் வரும், சிவப்பாகவும் வரும். சேர்த்த பொருள் ஒன்றாக இருக்க, நிறம் ஏன் இரண்டாகிறது? அவர் செம்புக் குளோரைடு கலந்த கண்ணாடியை எடுத்துக்கொண்டார். 500 முதல் 700 டிகிரி செல்சியஸ் வரை, 1 மணி நேரம் முதல் 96 மணி நேரம் வரை வெவ்வேறு விதமாகச் சூடாக்கினார். எக்ஸ் கதிரில் பார்த்தபோது கண்ணாடிக்குள் செம்புக் குளோரைடு நுண்படிகங்கள் முளைத்திருந்தன. சில 2 நானோமீட்டர், சில 30 நானோமீட்டர். பெரிய படிகங்கள் வழக்கமான செம்புக் குளோரைடு போலவே ஒளியை உறிஞ்சின. படிகம் சிறுக்கச் சிறுக்க, உறிஞ்சும் ஒளி நீலப் பக்கம் நகர்ந்தது. 1981இல் இதை அவர் வெளியிட்டார். இரண்டு ஆண்டு கழித்து அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் லூயி புரூஸ் இதே விளைவை நீர்மத்தில் மிதக்கும் துகள்களில் கண்டார். 1993இல் மவுங்கி பாவெண்டி அத்துகள்களை ஒரே அளவாக, செம்மையாக வளர்க்கும் வழியைக் கண்டுபிடித்தார். மூவருக்கும் 2023ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. பாவெண்டியின் முறை வந்தபின் உலகம் பெரும்பாலும் குடுவை நீர்மத்தில் புள்ளி வளர்க்கும் பக்கம் சாய்ந்துவிட்டது. கண்ணாடி பின்னால் தள்ளப்பட்டது.

தாமிரபரணிக் கரையில் இருந்து பார்ப்பவருக்கு, எகிமோவ் எடுத்தது செம்பு என்பது மனத்தில் தங்கும். ஆற்றின் பெயரிலேயே தாமிரம் ஒலிக்கிறது; நடராசரின் ஐந்து சபைகளில் தாமிர சபை நெல்லையப்பர் கோயிலில் இருக்கிறது; ஆதிச்சநல்லூர் முதுமக்கள் தாழிகளோடு செம்பும் வெண்கலமும் கிடைத்திருக்கின்றன. இவற்றைவிட நேரான தொடர்பு ஒன்றும் உண்டு. புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் கிடைத்த கண்ணாடிப் பாசிமணிகளில், ஒளி ஊடுருவாத செங்கல் சிவப்பு மணிகள் புகழ்பெற்றவை. அவற்றின் சிவப்புக்குக் காரணம் செம்பு. காற்று குறைந்த உலையில், செம்பு கலந்த கண்ணாடியைப் பதமாகச் சூடாக்கினால் செம்போ செம்பு ஆக்சைடோ மிக நுண்ணிய படிகங்களாகப் பிரியும். அந்தப் படிகங்களே சிவப்பைத் தருகின்றன. உருகிய கண்ணாடியில் ஒரு பொருளைக் கரைத்து, பிறகு வெப்பத்தால் அதைப் படிகமாகப் பிரித்தெடுப்பது என்ற வேலைமுறையில் பாசிமணி செய்தவரும் எகிமோவும் ஒரே வழியில் நடந்தவர்கள். அதற்காக, நம் முன்னோர் குவாண்டம் புள்ளி செய்தார்கள் என்று சொல்வது தவறு. அந்த மணிகள் ஒளியை உறிஞ்சியும் சிதறடித்தும் நிறம் காட்டுகின்றனவே தவிர, நீல ஒளியை வாங்கிச் சிவப்பு ஒளியாகத் திருப்பித் தருவதில்லை. நிறத்துக்கும் படிக அளவுக்கும் உள்ள கணக்கு அன்று யாருக்கும் தெரியாது. அவர்களிடம் இருந்தது உலையின் பதத்தைக் கண்ணால் அறியும் திறமை. அது உண்மையான பெருமை. பொய்ப் பெருமையை அதன்மேல் பூசவேண்டிய தேவை இல்லை.

இனி இன்றைய விளக்குக்கு வருவோம். வெள்ளை எல்.இ.டி. என்று நாம் வாங்குவது உள்ளே நீல எல்.இ.டி.தான். காலியம் நைட்ரைடு சில்லு 450 நானோமீட்டர் அலைநீளத்தில் நீலம் உமிழ்கிறது; அதன்மேல் பூசிய பாஸ்பர் என்ற ஒளிர்பொடி அதில் ஒரு பங்கை மஞ்சளாக்குகிறது; நீலமும் மஞ்சளும் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. ஜப்பானின் நிச்சியா நிறுவனம் 1996இல் சந்தைக்குக் கொண்டுவந்த ஏற்பாடு இது. அந்த மஞ்சள் பொடியின் பெயர் யிட்ரியம் அலுமினியம் கார்னெட். ஒளிர்வதற்காக அதில் சிறிதளவு சீரியம் கலந்திருக்கும். கார்னெட் என்ற சொல் தென்மாவட்டக் கடற்கரைக்குப் புதிதல்ல. திருநெல்வேலி, தூத்துக்குடி கடலோரத்தில் செம்மணல் நிறம் காட்டும் கனிமங்களில் அதுவும் ஒன்று; இரும்பு கலந்த கார்னெட். விளக்கில் இருப்பது ஆய்வகத்தில் ஆக்கிய உறவினர், படிக அமைப்பு ஒன்றே. சீரியமோ கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி மணலில் உள்ள மோனசைட்டில் நிறைய உண்டு. 2015இல் தொடங்கிய உஜாலா திட்டத்தில் மட்டும் நாடெங்கும் 36 கோடிக்கும் மேற்பட்ட எல்.இ.டி. பல்புகள் வழங்கப்பட்டன. மின்செலவு குறைந்தது, ஒளி கூடியது. இந்த வெற்றியைக் குறைத்துப் பேசும் எண்ணம் எனக்கு இல்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. நீலமும் மஞ்சளும் கலந்த வெள்ளையில் சிவப்பு மிகக் குறைவு. கண்ணுக்கு விளக்கு வெள்ளையாகத் தெரியும். ஆனால் அந்த விளக்கொளியில் அரக்குச் சேலை மங்கும், குங்குமம் பழுப்பேறும், மனிதத் தோல் வெளிறும், பழத்தின் பழுப்பதமும் இறைச்சியின் புதுமையும் கண்ணுக்குப் பிடிபடாது. பொருள் சிவப்பைத் திருப்பி அனுப்பவேண்டுமானால் விளக்கு முதலில் சிவப்பைக் கொடுத்திருக்கவேண்டும். நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்குச் சி.ஆர்.ஐ. என்ற குறியீடு உண்டு. 100 முழு மதிப்பெண். 80 வாங்கிய பல்பு நல்ல பல்பு என்று விற்பனையாகிறது. ஆனால் அந்தக் குறியீடு மங்கலான எட்டு நிறங்களின் சராசரி. அடர்சிவப்புக்கு ஆர்-9 என்று தனி மதிப்பெண் இருக்கிறது, அது சராசரியில் சேராது. 80 வாங்கிய விளக்கு ஆர்-9இல் பூச்சியத்தை ஒட்டியே நிற்கலாம். இதைச் சரிக்கட்ட யூரோப்பியம் கலந்த சிவப்புப் பாஸ்பரைச் சேர்க்கிறார்கள். அந்தப் பாஸ்பரின் சிவப்பு அகலமானது. 650 நானோமீட்டரைத் தாண்டியும் வழிந்தோடுகிறது. அங்கே நம் கண்ணின் உணர்வு மிகவும் குறைவு. மின்சாரம் செலவாகிறது, வெளிச்சமாகக் கண்ணுக்கு வருவதில்லை. வேண்டியது 620, 630 நானோமீட்டர் சுற்றுவட்டாரத்தில் குறுகிய சிவப்பு. நிறம் செம்மையாகவும் இருக்கும், மின்சாரமும் வீணாகாது. மஞ்சள் பாஸ்பரின் ஒளி 100 நானோமீட்டருக்கும் மேல் பரந்து கிடக்க, நன்றாக வளர்த்த குவாண்டம் புள்ளியின் ஒளி 20 முதல் 40 நானோமீட்டர் அகலத்துக்குள் அடங்கிவிடும். அந்தக் குறுகிய ஒளியை எந்த அலைநீளத்தில் வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்பதே புள்ளியின் பலம்.

பலவீனம் அதன் மேற்பரப்பு. இவ்வளவு சிறிய படிகத்தில் அணுக்களில் பெரும்பங்கு வெளிப்புறத்திலேயே இருக்கிறது. வெளியே நிற்கும் அணுவை ஆக்சிஜனும் ஈரமும் தாக்கும். தாக்கிய இடத்தில் எலக்ட்ரான் சிக்கிக்கொண்டு ஒளிக்குப் பதில் வெப்பத்தை விடும். குடுவையில் வளர்த்த புள்ளிகளைக் காக்க அவற்றைச் சுற்றிக் கரிம மூலக்கூறுகளின் வேலி போடுகிறார்கள். பிறகு சிலிக்கோன் பிசினில் குழைத்துப் பூசுகிறார்கள். பிசினுக்குள் ஈரமும் காற்றும் மெல்லக் கசியும். நெடுநேர வெப்பத்தில் வேலி அவிழும். வெப்பத்தைத் தவிர்க்கவும் முடியாது. 450 நானோமீட்டர் நீல ஒளியை 620 நானோமீட்டர் சிவப்பாக மாற்றும்போது, ஒரு துளி ஒளிகூட வீணாகாத உத்தமமான புள்ளியிலும் நூற்றுக்கு ஏறத்தாழ 27 பங்கு ஆற்றல் வெப்பமாகியே தீரும். சிவப்பு ஒளித்துகளின் ஆற்றல் குறைவு, மீதி எங்கேயாவது போகவேண்டும். அது புள்ளி இருக்கும் இடத்திலேயே பிறக்கிறது. சிலிக்கோன் வெப்பத்தைக் கடத்தும் திறன் மீட்டர்-கெல்வினுக்கு ஏறத்தாழ 0.2 வாட் என்றால் கண்ணாடிக்கு அதே அலகில் ஏறத்தாழ 1. ஐந்து மடங்கு வேறுபாடு. பாளையங்கோட்டையில் வெயில் 40 டிகிரியைத் தொடும் மே மாதத்தில், மூடிய விளக்குக் கூட்டுக்குள் சில்லின் வெப்பம் அதற்கு இரண்டு மடங்குக்கும் மேல் போவது இயல்பு. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. கடலோரத்தில் ஆண்டு முழுக்க உப்புக்காற்று. குளிரூட்டிய அறையில் இருக்கும் தொலைக்காட்சியை வைத்து இந்த விளக்கை எடைபோட முடியாது.

தொலைக்காட்சியின் வரலாறே இதற்குச் சான்று. 2013இல் சோனி நிறுவனம் குவாண்டம் புள்ளி வைத்த திரைகளை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, புள்ளிகளை மெல்லிய கண்ணாடிக் குழாயில் அடைத்து, குழாயை மூடி, திரையின் ஓரத்தில் பொருத்தினார்கள். பின்னால் வந்த பிளாஸ்டிக் படலங்களும் காற்றுப் புகாத காப்பு அடுக்குகளை இருபுறமும் ஒட்டியே பிழைத்தன. எல்லோரும் ஏதோ ஒரு வகையில் புள்ளியைக் கண்ணாடிக்குள் தள்ளிக்கொண்டே இருந்தார்கள். அப்படியானால் வெளியே வளர்த்து உள்ளே அடைப்பதைவிட, எகிமோவ் செய்ததுபோல் உள்ளேயே வளர்த்துவிடலாமே? 2016இல் தென்கொரிய ஆய்வுக்குழு ஒன்று அப்படிச் சிலிகேட் கண்ணாடிக்குள் காட்மியப் புள்ளிகளை வளர்த்து, கரிமப் பொருள் துளியும் கலவாத நிறமாற்றியாக வெள்ளை எல்.இ.டி.யில் பொருத்திக் காட்டியது. அதே ஆண்டுகளில் சீசியம் ஈய புரோமைடு என்ற பெரோவ்ஸ்கைட் வகைப் புள்ளி புகழடைந்தது. 2015இல் சூரிச் ஆய்வாளர்கள் அதைக் குடுவையில் செய்தார்கள். பளிச்சென்ற பச்சை, 20 நானோமீட்டர் அகலம். ஆனால் தண்ணீர் பட்டால் கரைந்து அழியும். கண்ணாடிக்குள் அதையே வளர்த்தபோது, தண்ணீரில் மாதக்கணக்கில் மூழ்கிக் கிடந்த துண்டுகளும் ஒளி குன்றாமல் இருந்ததாக ஒன்றுக்கு மேற்பட்ட குழுக்கள் காட்டியிருக்கின்றன. உப்பைப்போலக் கரையும் ஒரு பொருள் நீருக்கடியில் மாதக்கணக்கில் ஒளிர்கிறது என்றால், அந்த உறுதி கண்ணாடி கொடுத்தது.

செய்முறையைப் புரிந்துகொள்ளப் பனங்கற்கண்டை நினைத்துக்கொள்ளலாம். பதநீரைக் காய்ச்சிப் பாகாக்கிப் பானையில் ஊற்றி வாரக்கணக்கில் அசையாமல் வைத்தால், பாகில் தாங்கமுடியாத சர்க்கரை படிகமாகப் பிரிந்து வளர்கிறது. கண்ணாடியிலும் அதுவே. மணல்வழி வந்த சிலிக்காவோடு போரான் ஆக்சைடு, துத்தநாக ஆக்சைடு ஆகியவற்றையும், புள்ளிக்கு வேண்டிய சீசியம், ஈயம், புரோமின் சேர்மங்களையும் கலந்து ஏறத்தாழ 1,200 டிகிரியில் உருக்குகிறார்கள். உருகிய குழம்பைப் பித்தளைத் தட்டில் ஊற்றிச் சட்டென்று இறுகவிடுகிறார்கள். அணுக்கள் படிகமாகச் சேர நேரம் கிடைக்காமல் அப்படியே உறைந்துபோகும். உடையாமல் இருக்க மிதமான சூட்டில் வைத்து ஆற்றியபின், 450 முதல் 550 டிகிரி வரை மறுபடி சூடாக்குகிறார்கள். கண்ணாடி உருகாது, ஆனால் உள்ளே அணுக்கள் மெல்ல நகரத் தொடங்கும், சில நானோமீட்டர் நகர்ந்து ஒன்றுசேரும், புள்ளி முளைக்கும். கற்கண்டுக்காரருக்குப் படிகம் பெரிதாகவேண்டும். இங்கே சரியான நேரத்தில் நிறுத்தவேண்டும். பாகைவிடக் கண்ணாடி கோடானுகோடி மடங்கு கெட்டியானது என்பதால் வளர்ச்சி மெதுவாக நடக்கிறது, நிறுத்தவும் முடிகிறது. உலையின் வெப்பமும் நேரமுமே நிறத்தின் பிடி. சீனாவில் 2020இல் ஒரு குழு, மிகக் குறுகிய துடிப்பு லேசரைக் கண்ணாடிக்குள் குவித்து, பிறகு சூடாக்கி, வேண்டிய இடத்தில் மட்டும் புள்ளிகளை முளைக்கவைத்து ஓவியம்போல எழுதியும் காட்டியது.

இதில் உள்ள தொல்லைகளை மறைப்பது நேர்மையாகாது. 1,200 டிகிரியில் புரோமினும் செலினியமும் ஆவியாகி ஓடும்; ஓடியது எவ்வளவு என்று கணக்கிட முடியாமல் ஒரு வார்ப்பும் அடுத்த வார்ப்பும் வேறுபடும். உள்ளே முளைக்கும் புள்ளிகள் எல்லாம் ஒரே அளவில் இருப்பதில்லை, பெரியது சிறியதைத் தின்று வளரும், நிறக்கோடு அகன்றுவிடும். குடுவையில் செய்வதுபோல் புள்ளியைச் சுற்றி அழகான காப்புறை போடுவது கண்ணாடிக்குள் கடினம். துத்தநாகத்தைக் கண்ணாடியிலேயே கலந்து ஓரளவு அதைச் சாதிக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பெரோவ்ஸ்கைட் புள்ளியின் பச்சை கண்ணாடிக்குள் சிறப்பாக வருகிறது, சிவப்பு அவ்வளவு சிறப்பாக வரவில்லை. அயோடின் கலந்த சிவப்புப் புள்ளிகள் வெளிச்சத்தில் பின்தங்குகின்றன. காட்மியம் செலினைடு கண்ணாடியில் குறைபாடுகளால் பிறக்கும் அகன்ற மங்கல் ஒளியும் சேர்ந்துவிடுகிறது. விளக்குக்கு நாம் கேட்டது சிவப்பு. கண்ணாடி மனமுவந்து நீட்டுவது பச்சை. என் வாதத்தின் மிகப் பலவீனமான இடம் இதுவே. ஆனால் இந்தக் குறைகள் எல்லாம் எந்த வகையைச் சேர்ந்தவை என்று பார்க்கவேண்டும். உலை, கலவை, மூடியிட்ட உருக்குகலம், வெப்பக் கட்டுப்பாடு என்று கைத்திறனும் பொறியியலும் சேர்ந்து படிப்படியாகக் குறைக்கக்கூடியவை. பிசினுக்குள் ஈரம் கசிவதோ பிசினின் இயல்பு. அதைக் குறைக்கலாம், மாற்ற முடியாது. திருந்தக்கூடிய குறையையும் பிறவிக்குறையையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது.

இருக்கிற பாஸ்பர் போதாதா என்பது நியாயமான கேள்வி. தெருவிளக்குக்குப் போதும், அதில் எனக்கு மறுப்பு இல்லை. வீதியில் நடப்பவருக்குக் குழி தெரிந்தால் போதும், சேலையின் அரக்கு தெரியவேண்டாம். குறுகிய சிவப்புக்கும் புள்ளிதான் வேண்டும் என்று கட்டாயம் இல்லை. மாங்கனீசு கலந்த பொட்டாசியம் புளோரோசிலிகேட் என்ற பாஸ்பர் 631 நானோமீட்டரில் ஊசிபோன்ற சிவப்பு தருகிறது, விலைபோகும் பொருளாகவும் இருக்கிறது. ஆனால் அது நீல ஒளியைக் குறைவாகவே உறிஞ்சும், ஆகவே நிறையப் பூசவேண்டும். ஈரத்துக்கு அதுவும் அஞ்சும். அதைத் தயாரிக்கும் வழக்கமான முறையில் ஹைட்ரோபுளோரிக் அமிலம் புழங்குகிறது, எலும்பு வரை அரிக்கும் கொடிய அமிலம் அது. அந்தப் பாஸ்பரின் நிறத்தை நகர்த்தவும் முடியாது. மற்ற சிவப்புப் பாஸ்பருக்கு வேண்டிய யூரோப்பியமோ அருமண் தனிமங்களில் ஒன்று, அரிது. நம் கடற்கரையில்தான் அருமண் இருக்கிறதே என்று சிலர் ஆறுதல் கொள்கிறார்கள். மோனசைட்டில் சீரியமும் லாந்தனமும் மிகுதி. யிட்ரியமும் யூரோப்பியமும் சொற்பம். 2010இல் சீனா அருமண் ஏற்றுமதியை இறுக்கியபோது உலகச் சந்தை தடுமாறியதற்கு இந்தச் சொற்பமும் ஒரு காரணம். குவாண்டம் புள்ளிக்கு அருமண் எதுவும் தேவையில்லை.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது: ஈயமும் காட்மியமும் நஞ்சு. ஒரே சீரான பொருளில் எடைக்கு 0.1 சதவீதத்துக்கு மேல் ஈயமோ 0.01 சதவீதத்துக்கு மேல் காட்மியமோ இருக்கக்கூடாது என்பது மின்கருவிகளுக்கு ஐரோப்பா வைத்த வரம்பு. இந்தியாவின் மின்கழிவு விதிகளும் அதே வரம்பையே ஏற்றவை. பெரோவ்ஸ்கைட் கண்ணாடி இந்த ஈய வரம்பைத் தாண்டும். அளவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 3 மில்லிமீட்டர் சதுரமும் அரை மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள கண்ணாடிச் சில் ஏறத்தாழ 13 மில்லிகிராம் எடையிருக்கும். அதில் நூற்றுக்கு ஐந்து பங்கு ஈயம் என்று வைத்தாலும் ஒரு மில்லிகிராமைத் தொடாது. நம் வீடுகளில் இருந்த பழைய குழாய்த் தொலைக்காட்சிப் பெட்டியின் கூம்புக் கண்ணாடியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் ஈய ஆக்சைடு இருந்தது. 2006க்குப் பிறகு தமிழக அரசு வழங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சிகளும் அந்த வகையே. கண்ணாடி ஈயத்தைப் பிடித்துவைக்கும் என்பதும் பொய்யல்ல. அணு உலையின் உயர்கதிர் கழிவையே தாராப்பூரிலும் டிராம்பேயிலும் போரோசிலிகேட் கண்ணாடியாக உருக்கித்தான் அடைக்கிறார்கள். ஆனால் எல்லாக் கண்ணாடியும் ஒன்றல்ல. பாஸ்பேட் கண்ணாடி குறைந்த சூட்டில் உருகும், செய்வது எளிது. தண்ணீரில் அரிக்கவும் செய்யும். எளிது என்பதற்காக அதைத் தேர்ந்தெடுத்தால் என் வாதம் அங்கேயே விழுந்துவிடும். கார், பிசானம் என்று இரண்டு பருவ நெல்லையும் பல மாவட்டங்களின் குடிநீரையும் தாங்கும் ஆறு தாமிரபரணி; கசியும் ஈயம் அதில் கலக்கக்கூடாது. ஒரு மில்லிகிராம் என்பது ஒரு விளக்கின் கணக்கு. கோடிக்கணக்கான விளக்கு என்றால் கணக்கு வேறு. ஆகவே ஈயக் கண்ணாடி விளக்கை வீட்டு பல்பாக வீதிவீதியாக விற்பதை நான் ஆதரிக்கமாட்டேன். எங்கே பொருத்தினோம் என்று பதிவும், பழுதானால் திரும்ப வாங்கும் பொறுப்பும் உள்ள இடங்களில் மட்டும் அது வரலாம். ஈயமும் காட்மியமும் இல்லாத இண்டியம் பாஸ்பைடு புள்ளி குடுவையில் நன்றாக வருகிறது. ஆக்சிஜன் நிறைந்த கண்ணாடிக் குழம்பில் அதை வளர்ப்பது மிகக் கடினம். அந்தக் கதவைத் திறப்பவர் இந்தத் துறையையே மாற்றிவிடுவார்.

அப்படிப் பொறுப்போடு பொருத்தக்கூடிய இடங்கள் குறைவில்லை. ஆதிச்சநல்லூரில் அகழாய்வு நடந்த குழியிலேயே தாழிகளைக் காட்டும் அருங்காட்சியகம் 2023 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. கருப்பு சிவப்பு மட்பாண்டத்தின் சிவப்பும், செம்பின்மேல் படிந்த பச்சைக் களிம்பும், பொன் நெற்றிப்பட்டத்தின் மஞ்சளும் உள்ளபடி தெரிய நல்ல சிவப்புள்ள ஒளி வேண்டும். தொல்பொருளைக் கெடுக்கும் புற ஊதாவும் வெப்பமும் வேண்டாம். அறுவை அரங்கில் இரத்தக் குழாயையும் தசையையும் பிரித்தறிவதும், தோல் மருத்துவர் தடிப்பின் செம்மையைப் பார்ப்பதும் சிவப்பை நம்பியே நடக்கின்றன. இங்கெல்லாம் விளக்குகளின் எண்ணிக்கை குறைவு, ஒவ்வொன்றும் கணக்கில் இருக்கும், பழுதானது குப்பைக்குப் போகாது. விலை சற்றுக் கூடினாலும் பொருந்தும்.

இதற்கான முதல் வேலையைத் திருநெல்வேலியிலேயே செய்யலாம். கண்ணாடிப் புள்ளிகளின் ஆயுள் பற்றி வெளியாகும் அளவீடுகள் பெரும்பாலும் குளிர்நாட்டு ஆய்வகங்களின் சூட்டுப்பெட்டியில் எடுத்தவை. 1990இல் தொடங்கி, இன்று அபிஷேகப்பட்டியில் இயங்கும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும், பாளையங்கோட்டையின் பழைய கல்லூரிகளும், காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமும் எட்டும் தொலைவில் இருக்கின்றன. 1,200 டிகிரி உலை, நிறமாலைமானி, பொறுமையான இரண்டு மாணவர்கள் போதும். ஒரே புள்ளியைப் பிசினிலும் போரோசிலிகேட்டிலும் பாஸ்பேட்டிலும் வைத்து, பாளையங்கோட்டை மொட்டைமாடியில் ஒரு தொகுதி, தூத்துக்குடிக் கடற்கரையில் ஒரு தொகுதி, பாபநாசத்து மழையில் ஒரு தொகுதி என்று இரண்டு ஆண்டு எரியவிட்டு, மாதந்தோறும் ஒளியையும், சுற்றியுள்ள நீரில் கசிந்த ஈயத்தையும் அளந்து வெளியிடுங்கள். கண்ணாடி தோற்றால் அதையும் அச்சிடுங்கள். இந்தக் கட்டுரையின் வாதத்தைத் திருத்திக்கொள்ள அந்த எண்களே போதும்.